மேலேயா, கீழேயா?

ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, பையனின் முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டினாள் சோல்பான். அவன் உதடு வெளுத்துப்போய்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த யுனிவர்சிட்டி தம்பி சேரப்போறே?"

"மே... மேலேயது, அக்கா."

"ஏன், கீழேயதுக்கு என்ன குறைச்சல்?"

"அங்க ஹாஸ்டல் ரொம்பப் பழசுன்னு..."

"மேலே மட்டும் அரண்மனையாக்கும்! யாரு சொன்னது உனக்கு?"

"எங்க அண்ணன்."

"அவன் எதுல படிச்சான்?"

"மேலேயதுலதான்."

"பின்ன வேற எப்படிச் சொல்லுவான்? முடிஞ்சிருச்சு, கையை மடக்கிக்கோ. அடுத்தது யாரு?"

பையன் குனிந்து தன் கையைப் பார்த்தான். ஊசி எப்போது உள்ளே போயிற்று, எப்போது வெளியே வந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

எங்கள் பேட்டை மருத்துவ நிலையத்தில் ரத்தம் எடுக்கும் அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. காலையில் அங்கே வெறும் வயிற்றோடு ஒரு கூட்டம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கும். கோடை வந்துவிட்டால் அதில் பாதிப் பேர் பள்ளி முடித்த பிள்ளைகள். பல்கலைக்கழகத்தில் சேர மருத்துவச் சான்று வேண்டும். நான் சர்க்கரைக்காரன், மாதாமாதம் போகிறவன். போதாததற்குச் சோல்பானின் வீடு எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் மேல்மாடி. ஆகவே ஊசியோடு இருக்கும் சோல்பானையும் தெரியும், ஊசியில்லாத சோல்பானையும் தெரியும். இரண்டு பேரும் ஒரே வேகத்தில்தான் பேசுவார்கள்.

எங்கள் பிஷ்கெக் நகரத்தில் மலை இருக்கும் பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே. வழி கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். எங்களுக்குத் தெரிந்த இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் வாசலில் பித்தளை எழுத்தில் நீளமான பெயர் உண்டு. பேட்டையில் யாரும் அதை முழுதாகச் சொல்லிக் கேட்டதில்லை. மேலேயது, கீழேயது, அவ்வளவுதான். இரண்டுக்கும் மஞ்சள் பூசிய சுவர், முன்னால் வாய்க்கால், வாய்க்கால் ஓரம் பாப்ளார் மரங்கள். பாடமும் ஒன்று, பட்டமும் ஒன்று. ஆனால் எது உசத்தி என்று ஒருவன் வாய்விட்டுவிட்டால் கல்யாணப் பந்தியே இரண்டாகப் பிரிந்துவிடும். இந்த நோயைத்தான் சோல்பான் மருந்தாக்கிக்கொண்டாள். ஊசிக்குப் பயந்தவன்கூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கமாட்டான்.

போன கோடையில்தான் அவள் பதில்களைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் ஊசி வெளியே வந்ததும் பேச்சு நின்றுவிடும். இப்போது பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மேற்கொண்டு விசாரித்தாள். "கீழே லைப்ரரியைச் சாயங்காலம் பூட்டிருவாங்களா?" "மேலே படிக்கட்டு செங்குத்தா இருக்குமா?" வரிசையில் இருந்தவர்கள் அவள் பெண்ணுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் தனக்காகக் கேட்டாள்.

சோல்பானுக்கு நாற்பத்தாறு வயது. கணக்குப் போடுவது அவளுக்குச் சாப்பாடு மாதிரி. மகள் அகிலாய் பள்ளியில் படித்தவரை, புதுக் கணக்குப் புத்தகத்தை முதலில் திறப்பவள் அம்மாதான். ஆள் வராத வேளையில் கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதன் முதுகில் முக்கோணம் வரைந்துகொண்டிருப்பாள். விடை தப்பாக வந்தால் இன்னும் குஷி. "பாருங்கண்ணே, என்னை ஏமாத்திருச்சு!" என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். பிறகு அகிலாய் மேலேயதில் பொருளாதாரம் படிக்கப் போனாள். தன் புத்தகங்களைப் பையிலேயே வைத்துப் பூட்டிக்கொள்ளும் வயது வந்துவிட்டது.

"பிள்ளை பள்ளிக்கூடம் முடிச்சாலும் முடிச்சா, எனக்கு வீட்டுப்பாடம் நின்னுபோச்சு அண்ணே," என்றாள் என்னிடம் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதனால் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் மாலை வகுப்புக் கணிதத்துக்கு விண்ணப்பித்தாள். இரண்டுமே அவளை எடுத்துக்கொண்டன. அங்கேதான் வந்தது சங்கடம். செவிலியர் படிப்புச் சான்றிதழின் அசல் ஒன்றே ஒன்று. ஆகஸ்ட் முடிவதற்குள் அதை ஏதாவது ஒரு வாசலில் கொடுத்தாக வேண்டும்.

கணவன் முகாஷ் லிஃப்ட் மெக்கானிக். "எனக்கு மேலேயும் ஒண்ணுதான், கீழேயும் ஒண்ணுதான். நடுவுல நிக்காம இருந்தாச் சரி," என்று கைகழுவிவிட்டான்.

அவள் விடுப்புப் போட்டுவிட்டு இரண்டையும் பார்க்கப் போனாள். கீழேயதில் பச்சை டை கட்டிய கணிதப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்து நிறுத்தி, தாழ்வாரத்திலேயே கேள்விமேல் கேள்வி கேட்டாள். அவரும் பொறுமையாகச் சொன்னார். மறுநாள் மேலேயதற்குப் போய் கணிதத் துறைக் கதவைத் தட்டினால், அதே பச்சை டை.

"நீங்க அங்கதானே இருந்தீங்க?" என்றாளாம்.

"அங்க செவ்வாய், வியாழன். இங்க திங்கள், புதன். நேத்து கேட்டதையே திரும்பக் கேக்கப்போறீங்கன்னா, பதிலும் நேத்து சொன்னதுதாம்மா," என்றாராம் அவர்.

அகிலாய் வீட்டில் இல்லாத ஒரு மாலையில் இதை எனக்கும் முகாஷுக்கும் சொல்லும்போது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை; கிண்ணத்துத் தேநீர் மேசைவிரிப்பில் சிந்தியது. ஆக, வித்தியாசம் என்று எஞ்சியது ஒன்றே ஒன்று. மேலேயதில் அகிலாய் இருந்தாள்.

"அப்ப மேலேயே போயிடலாம்னு இருக்கேன்," என்றாள் சோல்பான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, லாக்மன் நூடுல்ஸ் சாப்பிட என்னையும் மேலே கூப்பிட்டிருந்தார்கள். "நீ பகல்ல வெளிய வரும்போது நான் சாயங்காலம் உள்ள போவேன். வாசல்ல ஒரு சம்சாவைப் பிட்டு ரெண்டு பேரும் தின்னுக்கலாம்டி."

அகிலாய் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா, நீ அங்க வராதே."

"ஏன்?"

"ஏன்னா? எங்க வகுப்புல பாதிப் பேரு உன்கிட்ட ரத்தம் குடுத்தவங்க. நீ வராந்தாவுல நின்னு எல்லார் கையையும் பிடிச்சு நரம்பு பாப்பே!"

இதில் நியாயம் இருந்தது. சோல்பான் யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் முழங்கையைத்தான் பார்ப்பாள். பேருந்தில், சந்தையில், சாவு வீட்டில்கூட. "நல்ல நரம்பு, கண்ணை மூடிட்டுக் குத்தலாம்," என்று மெச்சிக்கொள்வாள். பெண் பார்க்கப் போன அன்றே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்ததால்தான் தனக்குக் கல்யாணம் நடந்தது என்று முகாஷ் இன்றைக்கும் சொல்வான். அன்றும் அதைச் சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"கீழேயது போயேம்மா. ரெண்டும் ஒண்ணுன்னு நீதானே சொல்றே?" அகிலாயின் குரல் உடைந்திருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"சரிதான், கீழேயது போறேன். அங்க வாசல்ல மக்சிம் கூழ் விக்கிறாங்க, குளுகுளுன்னு இருக்கு," என்று சோல்பான் எனக்கு இன்னொரு கரண்டி லாக்மன் வைத்தாள். மறுநாள் முற்றத்தில் கம்பளத்தைக் கம்பியில் தொங்கவிட்டு அடித்தாள். அந்தக் கம்பளத்தை அவள் போன வாரம்தான் அடித்திருந்தாள். எதிர்வீட்டுப் பூனை அன்று முழுக்க முற்றத்துப் பக்கம் வரவில்லை.

ஜூலைக் கடைசியில் நான் வழக்கம்போல ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். அகிலாய் உள்ளே வந்தாள். ஈசிக்-குல் ஏரிக்கரையில் குழந்தைகள் முகாமில் வேலை கிடைத்திருந்தது. அதற்கு மருத்துவச் சான்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து ஊசி என்றால் நடுங்குகிறவள், அம்மாவைத் தவிர யாருக்கும் கை நீட்டமாட்டாள். மேசைச் சண்டைக்குப் பிறகு இருவரும் அளந்துதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, கையை நீட்டினாள்.

சோல்பான் பட்டையைக் கட்டினாள். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "எது நல்ல யுனிவர்சிட்டி, மேலேயா கீழேயா?"

"கீழதான்மா."

"ஏன், மேலே என்ன?"

"மேலே கணக்கு வாத்தியார் ரொம்பக் கறார்."

"பச்சை டைதானே? அவரு கீழேயும் இருக்காரே! செவ்வாய், வியாழன்."

அகிலாய் கண்ணைத் திறந்துவிட்டாள். ஊசி கைக்குள் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

"ரெண்டு இடத்துலயுமா?"

"ரெண்டு இடத்துலயும்."

"அப்ப அவரே சொல்லிருவாரு," என்றாள் அகிலாய். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. "நான் கணக்குல பெயில்மா. ரெண்டு தடவை. ஆகஸ்ட்ல கடைசி வாய்ப்பு, அதுலயும் போச்சுன்னா எடுத்துருவாங்க. உன் பொண்ணு கணக்குல பெயில்னு உனக்கு எப்படிம்மா சொல்றது?"

வெளியே வரிசையில் யாரோ கதவைத் தட்டினார்கள். "இருங்க!" என்று சோல்பான் போட்ட சத்தத்தில் என் பஞ்சு கீழே விழுந்தது. அவள் ஊசியை எடுத்தாள், புதுப் பஞ்சை வைத்தாள், மகளின் கையைத் தானே மடக்கிப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நான் எழுந்துகொண்டேன்.

"எந்தப் பாடத்துலடி?"

"மேட்ரிக்ஸ்."

"அது என்னது?"

"கட்டம் கட்டமா எண்ணு இருக்கும்மா. ஒரு கட்டத்தால இன்னொரு கட்டத்தைப் பெருக்கணும்."

"கட்டத்தைக் கட்டத்தாலயா?" சோல்பானின் முகம் மெல்ல விரிந்தது. "அதை நான் பாத்ததே இல்லையேடி! அந்தப் புத்தகத்தை ஏன் பையிலேயே வச்சிருந்தே, பாவி?"

முகாம் வேலைக்கு அகிலாய் போகவில்லை. ஆகஸ்டு முழுக்க மாலை வேளையில் அவர்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து என் பால்கனிக்குச் சண்டை இறங்கி வந்துகொண்டிருந்தது. சோல்பான் தனக்குத் தெரிந்தபடி கட்டத்துக்குக் கட்டம் நேராகப் பெருக்கினாள்.

"அப்படி இல்லம்மா! இந்த வரிசையை எடுத்து அந்த நெடுக்கோட போடணும்."

"ஏன் அப்படி? நேரா போட்டா யாரு அடிக்க வராங்க?"

"அப்படித்தான் விதி."

"விதியாவது ஒண்ணாவது! ஏன்னு சொல்லு."

அகிலாய்க்கு ஏன் என்று தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டினாள். மறுநாள் தெரிந்துகொண்டு வந்து சொன்னாள். அம்மா வேறொரு இடத்தில் இடறினாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மாலை பால்கனியிலிருந்து ஒரு வெடிச்சிரிப்பு கேட்டது. சோல்பான் மூன்று பக்கம் போட்டு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டாளாம். "எம்மா, நீ பெயில்!" என்று கத்தினாள் அகிலாய். "ரொம்ப சரி, இப்ப ரெண்டு பேரும் ஒரே வகுப்பு," என்றது அம்மாவின் குரல். முகாஷ் என் பால்கனிக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, கீழே ஒரு ஆள் தூங்க இடம் இருக்குமா?" என்று கேட்டான்.

மறுதேர்வில் அகிலாய் ஐந்துக்கு மூன்று வாங்கினாள். மூன்று என்றால் தேறியாயிற்று, பீற்றிக்கொள்ள முடியாது. ஆனால் சோல்பான் எண்ணெய்ச்சட்டியை அடுப்பில் ஏற்றி, மாடிக்கு மாடி தட்டு நிறைய போர்சோக் மாவுத் துண்டுகள் பொரித்து அனுப்பினாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "மூணு!" என்றாள்.

அசல் சான்றிதழைக் கொடுக்கும் கடைசி நாள் அன்று காலையில் இருவரும் படியிறங்கும்போது நான் கதவருகில் நின்றிருந்தேன். அகிலாய் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு, "மேலேயே வந்துரும்மா. நான் கூச்சப்படமாட்டேன், சத்தியமா. எல்லார் நரம்பையும் பாத்துக்கோ," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சோல்பான் நின்றாள். உறையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். போகத்தான் அவளுக்கு ஆசை. அது கண்ணில் தெரிந்தது.

"நீ கூப்பிட்டதே எனக்குப் போதும் கண்ணு," என்றாள். "உனக்குன்னு ஒரு கட்டடம் இருக்கட்டும். எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும். ஒரே இடத்துக்குப் போனா ராத்திரிச் சாப்பாட்டுல ஒரே கதைதானே ஓடும்? நான் என் கதையைக் கொண்டு வரேன், நீ உன் கதையைக் கொண்டு வா."

"அப்ப சம்சா?"

"சனிக்கிழமை தின்னுக்கலாம்."

அகிலாய் கொஞ்ச தூரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் தாண்டும்போது அம்மாவின் கைப்பையைத் தான் வாங்கி மாட்டிக்கொண்டாள். இருவரும் கீழ்நோக்கிப் போனார்கள்.

செப்டம்பரில் ஒரு மாலை, மருந்துக் கடையிலிருந்து கீழே போகும் பேருந்தில் ஏறினேன். கூட்டம். ஜன்னலோரம் சோல்பான் உட்கார்ந்திருந்தாள். வேலை முடித்து நேரே வந்த களைப்பு கண்ணுக்கடியில் கறுத்திருந்தது, மடியில் புதுப் பை. பக்கத்து இருக்கையில் காதில் பாட்டு மாட்டியிருந்த ஒரு மாணவன் என் நரைத்த தலையைப் பார்த்ததும் எழப்போனான். அதற்குள் சோல்பான் துள்ளி எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கண்ணே."

"அட, நீ உக்காரும்மா," என்றேன்.

"அக்கா, நீங்க இருங்க, நான் நிக்கிறேன்," என்றான் மாணவன்.

"நீ மூணாம் வருஷமாவது இருப்பே தம்பி, பெரியவன். நான் முதல் வருஷம்," என்று அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். என்னையும் இழுத்து ஜன்னலோரம் தள்ளினாள். பிறகு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி மேல்கம்பியை எட்டிப் பிடித்து, பேருந்து திரும்பிய பக்கமெல்லாம் ஆடியபடி நின்றாள்.