கொடி எழாத டெர்பி

அமெரிக்காவில் அடுத்தடுத்த ஊர்களான சான் ரமோனுக்கும் பிளசன்டனுக்கும் பெண்பிள்ளைகள் ஃபுட்பால். "இட்ஸ் எ டெர்பி, அப்பா!" என்று காலையிலிருந்தே குதித்தாள் மகள். டெர்பி என்றால் பக்கத்து ஊரோடு மோதுகிற மேட்ச், அந்தப் பெயருள்ள இங்கிலாந்து ஊரில் இரண்டு பேட்டைகள் மோதியதில் வந்த சொல் என்றாள். இல்லை, குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது என்றார் கோச். ரெஃப்ரி என் கையில் ஒரு கொடியைத் திணித்தார். பந்து கோட்டைத் தாண்டினால் தூக்க வேண்டும். அது பெற்றோர் வேலை.

கொடியைப் பிடித்ததும் மனசு சின்ன வயசு ஈரோட்டுக்குப் போய்விட்டது. அங்கே தெருவுக்குத் தெரு மோதுகிற கிரிக்கெட்டுக்குப் பெயர் பெட் மேட்ச். தோற்ற தெரு ஜெயித்த தெருவுக்குப் புது கார்க் பால் தர வேண்டும், அதுதான் பெட். பேட்டிங் பண்ணுகிற டீம் பையனே அம்பயர். அன்று நான். கடைசி ஓவரில் அண்ணனின் பேட்டில் உரசிய பந்தைக் கீப்பர் பிடித்தான். உரசிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணன் என்னையே பார்த்தான். என் விரல் எழவில்லை.

"டேய், உனக்குக் கேட்டுச்சுல்ல?" என்றான் எதிர்த் தெரு பௌலர். ஜெயித்தோம்.

இங்கே மகள் துரத்திய பந்து கோட்டை முழுசாகத் தாண்டியது. அவள் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தாள். அண்ணன் பார்த்த அதே பார்வை என்றுதான் நினைத்தேன். கை எழவில்லை. அவள் உதைத்தாள், கோல்.

காரில் பின்சீட்டிலிருந்து மெதுவாகக் கேட்டாள். "யூ சா இட், ரைட்?"

அவள் முகம் தெரியாதபடி கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.