வாசலில் கொப்புக் கட்டிய மூன்று கிழமைகள்

எங்கள் அண்ணை போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீங்களே எழுதுங்கள் மாமி என்று அண்ணையின் மகன் சொன்னான். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் கூட இருந்தவள் நான். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணை பருத்தித்துறையில் பிறந்தார். நாங்கள் இரண்டு பிள்ளைகள். ஐயா நேரத்தோடு காலமானார். அம்மாவுக்குச் சுகமில்லை. வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். அண்ணை தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படம் வரையப் படித்து, கொழும்பில் வேலைக்குப் போனார். எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் ஊர் திரும்பினார். அடுத்த வருடம் கனடா, மொன்றியல். அம்மாவின் காரியம் முடிந்தபின் என்னையும் கூப்பிட்டு எடுத்தார். அண்ணி அப்போது ஊரில்தான்.

டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு கட்டடங்களைச் சூடாக்கும் குழாய்களைப் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். வேலை பிடிபட்டதும் தானே ஒரு சிறிய நிறுவனம் தொடங்கினார். குளிர் வருமுன் பெரிய அடுக்குமாடிகளுக்குப் போவார்கள். கொதிகலன் அறையில் பம்புகளின் அழுத்தம், சுடுநீரின் வெப்பம் எல்லாம் அளப்பார்கள். பிழையைத் திருத்திப் படத்தோடு அறிக்கை கொடுப்பார்கள். அண்ணையோடு மூன்று பேர். மூவரும் அகதி விசாரணைக்குக் காத்திருந்த பொடியன்கள். எல்லோரும் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் தையல் ஃபக்டரிக்குப் போய்வந்தேன்.

ஒரு புரட்டாதியில் ஆற்றுக்கு அப்பால் லவாலில் நான்கு கட்டடங்களின் வேலை கிடைத்தது. அதுவரை கிடைத்ததில் பெரியது. நன்றாகச் செய்தால் அந்தக் கட்டட முதலாளியின் மற்றக் கட்டடங்களும் வரும். பிழைவிட்டால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான். அது எல்லோருக்கும் தெரியும்.

வேலை தொடங்க இரண்டு நாள் இருக்கக் குணத்துக்குக் காய்ச்சல். குணம் மூவரில் இளையவன், வாய்க்காரன். மறுநாள் முகமெல்லாம் கொப்புளம். அம்மாள் வருத்தம். கொப்புளிப்பான் என்று சொல்வோமே, அதுதான். ஒரே வீடு, ஒரே கோப்பை. மற்ற இருவருக்கும் வரும், அண்ணைக்கும் வரும் என்பது தெரிந்துவிட்டது. வந்தது.

"பவுடரைப் பூசிக்கொண்டு போவம் அண்ணை. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் குணம்.

"அந்தக் கட்டடத்திலை பிள்ளைத்தாச்சியள் இருப்பினம்," என்றார் அண்ணை. "ஒருத்தரும் படலை தாண்டக்கூடாது."

"இஞ்சை எங்கையண்ணை படலை?"

"அப்ப கதவைத் தாண்டாதை."

ஊரில் இப்படி என்றால் வாசலில் வேப்பிலை கட்டுவோம். அதைக் கண்டால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். இங்கே வேம்புக்கு எங்கே போவது? கீழே நின்ற மேப்பிள் மரத்தில் ஒரு கொப்பு முறித்து வந்து கதவில் கட்டினேன். இலை சிவக்கத் தொடங்கியிருந்தது. தமிழ்ச் சனம் பார்த்ததும் விளங்கிக்கொண்டது. சோற்றையும் ரசத்தையும் கதவடியில் வைத்துவிட்டு, "தங்கச்சி, வைச்சிருக்கு" என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அண்ணை முதலாளிக்கு டெலிபோன் எடுத்து உள்ளதைச் சொன்னார். வீட்டில் அம்மாள் வருத்தம், மூன்று கிழமைக்கு எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்றார். அந்த மனிதர் கோபிக்கவில்லை. ஆனால் குளிர் நிற்காது, வருத்தமில்லாத ஆள் இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றார்.

அண்ணை போனை வைத்துவிட்டு மேசையில் விரித்திருந்த படத்தைச் சுருட்டி மூலையில் வைத்தார். வேலை முடியுமுன் அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

"எனக்குச் சின்னனிலை வந்தது அண்ணை," என்றேன். "திரும்ப வராது. நான் போறன்."

"உனக்கு அங்கை என்ன தெரியும் பிள்ளை?"

"இலக்கம் வாசிப்பன். நீங்கள் வீட்டிலை இருந்து எழுதுங்கோ."

அன்றே டொக்டரிடம் போய்க் கேட்டேன். ஒருமுறை வந்தவரால் பரவாது, உடுப்பை மாற்றிக் கையைக் கழுவிவிட்டுப் போ என்றார். ஃபக்டரியில் சொன்னேன். போனால் திரும்பி வராதே என்றார்கள். போனேன்.

மெட்ரோவின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பஸ் எடுத்து, ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். கட்டடங்களைப் பராமரிக்கும் கிழவர் கொதிகலன் அறையைத் திறந்தார். எஞ்சினியர் எங்கே என்று கேட்டார். எனக்குப் பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி' மட்டும். சுவரிலிருந்த டெலிபோனைக் காட்டினேன். பிறகு என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டு ஒரு கதிரை கொண்டுவந்து தந்தார்.

நான் அளவுமானிகளைப் பார்த்து டெலிபோனில் வாசிப்பேன். அண்ணை மேலெல்லாம் கொப்புளத்தோடு வீட்டில் இருந்து எழுதுவார். எந்த வால்வை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்வார். திருப்பிவிட்டுத் திரும்ப வாசிப்பேன். காய்ச்சல் குறைந்த ஆள் குசினி மேசையில் படம் வரைவார். முடிந்த படங்களைப் பையில் போட்டு இரண்டு நாள் பல்கனி வெயிலில் வைத்த பிறகுதான் கொண்டுபோவேன்.

மூன்றாவது கட்டடத்தில் ஒரு பம்ப் சரியாக வரவில்லை. முள் பாதியில் நின்றது.

"வால்வு பூட்டியிருக்கும், பார்," என்றார் அண்ணை.

"திறந்துதான் இருக்கு."

"அப்ப நீ பிழையா வாசிக்கிறாய்."

"ரெண்டு தரம் வாசிச்சனான்."

"பம்ப் பழுது எண்டால் புதுசு போட வேணும். நாள் காணாது." குரல் இறங்கிவிட்டது.

கிழவரிடம் கையால் காட்டிப் பம்பை நிறுத்தச் சொன்னேன். ஓட்டம் குறையும்போது தண்டைப் பார்த்தேன். பம்பின் மேலே ஓர் அம்புக்குறி இருந்தது. தண்டு அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றி நின்றது.

"அண்ணை, இது மாறிச் சுத்துது."

"அது எப்பிடி உனக்குத் தெரியும்?"

"ஃபக்டரியிலை மோட்டரைக் கழற்றிப் பூட்டேக்கை வயரை மாத்திப் போட்டிடுவாங்கள். மெஷின் பின்பக்கமா ஓடி நூல் சிக்கும். இதுவும் அப்பிடித்தான்."

 டெலிபோனில் அண்ணை சிரித்தார். பின்னால் குணத்தின் குரல் கேட்டது: "எஞ்சினியரைத் தையல் ஃபக்டரிக்கு அனுப்பிப்போட்டு எங்களை ஏனண்ணை வைச்சிருக்கிறியள்?"

அந்தக் கோடையில்தான் மோட்டரைக் கழற்றிப் பூட்டினார்கள் என்று பிறகு தெரிந்தது. மின்சாரக்காரர் வந்து இரண்டு வயரை மாற்றிப் போட்டார். முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குளிர் தொடங்க நான்கு நாள் இருக்க அறிக்கை கொடுத்தோம். வருத்தம் மாறிய நால்வருக்கும் தண்ணீர் வார்த்து, கதவிலிருந்த கொப்பை அவிழ்த்தேன். இலை உதிர்ந்து குச்சிதான் இருந்தது. அன்றிரவு எல்லோரும் நன்றாக நித்திரை கொண்டோம்.

மற்றக் கட்டடங்களும் வந்தன. நான் ஃபக்டரிக்குத் திரும்பவில்லை. அண்ணையின் நிறுவனத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றேன். அண்ணி வந்தார், மகன் பிறந்தான், படித்தான், நிறுவனத்தைப் பொறுப்பெடுத்தான். அண்ணை யாரிடமும் கடிந்து பேசியதில்லை. பிழையை மறைத்ததுமில்லை. பம்பைக் கண்டுபிடித்தது தங்கச்சி என்று போகும் இடமெல்லாம் சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

கொரோனா வந்து டவுன்டவுன் கட்டடங்கள் வெறுமையானபோது மகன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான். அண்ணை டெலிபோனில் சொன்னார்: "ஆக்களை ரெண்டாப் பிரி. ஒரு பகுதி மற்றப் பகுதியைக் காணக்கூடாது. அங்கை நிக்கிறவனைக் கொண்டு அளப்பி, நீ வீட்டிலை இருந்து எழுது. வெறுங் கட்டடத்திலையும் தண்ணி உறையும், குழாய் வெடிக்கும். அதுக்கும் ஆள் வேணும். போய்க் கேள். ஆருக்கும் வருத்தம் எண்டால் ஒளிக்காமல் சொல்லு."

"அப்பா, இது எந்தப் புத்தகத்திலை?"

"மாமியைக் கேள்."

மகன் அப்படியே செய்தான். ஒருவரையும் வேலையால் நிறுத்தவில்லை. ஒருவரையும் நோய்க்குக் கொடுக்கவும் இல்லை. நிறுவனத்தின் கந்தோர்க் கதவில் அண்ணை ஒரு மேப்பிள் கொப்புக் கட்டச் சொன்னார். வேலைக்கு வந்த பிரெஞ்சுப் பிள்ளைகள் என்னவென்று கேட்டார்களாம். அலங்காரம் என்று மகன் சொல்லிவிட்டானாம்.

அண்ணை கடைசியில் இதய வருத்தத்தால் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதிகம் வேதனைப்படவில்லை. அது எங்களுக்கு ஆறுதல். சுவரோடு இருந்த சூடாக்கியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"சூடு வருதோ பிள்ளை?"

"வருது அண்ணை."

"அப்ப சரி," என்று கண்ணை மூடினார். மறுநாள் காலை போய்விட்டார்.

பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நன்றி. பெட்டி தூக்கிய குணத்துக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. லவால் கிழவர் இப்போது இல்லை. அவருடைய மகள் பூவோடு வந்தார். அவருக்கும் நன்றி.

அந்த மூன்று கிழமையும் சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனவர்கள் பலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அண்ணையின் காரியத்துக்கும் வந்தீர்கள். இந்த முறை உள்ளே வந்து இருந்தீர்கள். அது போதும் எங்களுக்கு.

தங்கச்சி