பெயின்ட் பக்கெட்டில் ஆறு கானாங்கத்தை

திருவொற்றியூரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் அறிவியல் வாத்தியார் வேலை காலியாக இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்; பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சேர்வதாக மாமாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனது கண்டெய்னர் எண்ணத்தானா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

இயற்கை கழிவை எப்படித் திரும்பப் பயன்படுத்துகிறது என்பது பாடம். அம்மா மீன் விற்பவர். கூடையில் விலைபோகாத ஆறு கானாங்கத்தையைப் பழைய பெயின்ட் பக்கெட்டில் மண்போட்டுப் புதைத்து வைத்தேன். புழுவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் மூன்று வாரத்தில் தின்று முடித்துவிடும். மிஞ்சுவது செடிக்கு உரம்.

மூன்று வாரம் கழித்து, பாடம் நடத்தும் நாளில் பக்கெட்டோடு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செத்தது எதுவும் வீணாகாது, மண்ணாகிவிடும் என்று சொல்லி மண்ணைக் கிளறினேன். புடவைத் துணி ஒன்று வந்தது. அதற்குள் ஆறு மீன், வயிறு கீறி, வரிசையாக.

முன் பெஞ்சுப் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், இது கருவாடு."

"குழிக் கருவாடு," என்று பக்கத்துப் பையன் திருத்தினான். "எங்க வூட்லயும் இப்டித்தான் பொதைப்பாங்க."

அம்மா வேலை. உப்பே போடாமல் புதைத்திருக்கிறேனே, படித்த பிள்ளை மறந்திருக்கும் என்று நினைத்து, அன்றே தோண்டி எடுத்து உப்புப் போட்டுத் துணியில் சுற்றித் திரும்பப் புதைத்தாராம்; பிறகு கேட்டபோது சொன்னார்.

மீன் மக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஏன் என்று கேட்டார்கள். நுண்ணுயிருக்கும் உடம்பில் தண்ணீர் வேண்டும், உப்பு அதை உறிஞ்சிவிடும், அதனால் மீனைத் தின்ன ஆள் இல்லை என்றேன்.

"அப்போ ஊர்ல எல்லாத்துக்கும் உப்பு போட்டா?" என்றாள் அந்தப் பெண்.

செத்த மீன், விழுந்த இலை, மாட்டுச் சாணி எல்லாம் அப்படியே கிடக்கும். செடிக்குச் சாப்பாடும் கிடைக்காது என்றேன்.

"கலீஜா ஆய்டுமே சார்," என்றான் பையன்.

ஆகும் என்றேன். மணி அடித்தது.

தலைமையாசிரியை கையில் இருந்த படிவத்தை மடித்தார். "சோதனை தோல்வின்னு எழுதியிருக்கேன். பசங்க கேள்வி கேட்டாங்கன்னும் எழுதியிருக்கேன். திங்கக்கிழமை எட்டரைக்கு வந்துடுங்க."

வெளியே வந்து மாமாவுக்கு ஃபோன் செய்தேன், யார்டுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி. யார்டில் தருகிற மாதிரி வாத்தியாருக்கு ஷூ, ஹெல்மெட் எல்லாம் தருவார்களா என்று கேட்டார். விசாரிக்கவில்லை என்றேன்.