ஏணியில் நிற்கிறவன்

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போன மாதமே, அவளுடைய அறையைக் காலி செய்து பழைய டியூப் டிவிகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள் கண்ணாடிக்கடை அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது அவளுக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். அதனால் தெருவில் பெரியவர்களுக்கும் அவள் அக்காதான்.

"மத்த வீட்டுல நகை கேப்பாங்க, பீரோ கேப்பாங்க. எங்க வீட்டு மேடம் குப்பைக்குப் போறதா பாத்துக் கேக்குறாங்க" என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சொன்னாரே தவிர, ஒவ்வொரு டிவியையும் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கி வந்தது அவர்தான். மகள் போனில், "அம்மா, என் ரூமை மியூசியம் ஆக்கிட்டியா?" என்று சிரித்தாள். யார் என்ன சொன்னாலும் அக்கா அசரவில்லை. அந்த ஆசைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

சின்ன வயதில் பெரியப்பா வீட்டில் வீடியோ கேம் இருந்தது. அண்ணன்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து ஆடுவார்கள். இவள் கட்டில் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். "நீ கை வச்சா கெட்டுப்போயிடும்" என்பார்கள். ஒரு கோடை விடுமுறை முழுக்க நின்றுகொண்டே பார்த்தாள். ஜாய்ஸ்டிக்கை அவள் தொட்டது, அதைத் துடைத்து வைக்கச் சொன்னபோது மட்டும்தான்.

இப்போது யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்ல முடியாது. மூடிப்போன துணிக்கடை ஒன்றிலிருந்து இரும்பு ஷெல்ஃப் வாங்கிச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கினாள். டியூப் டிவிக்கு எடையெல்லாம் முகத்தில்தான். கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாலும் குப்புற விழுந்துவிடும். அதனால் பின்பக்கம் இரும்புப் பட்டை போட்டுப் பிணைத்தாள். ஜன்னலுக்குக் கருப்புத் திரை தைத்தாள். புது டிவியில் அந்தக் காலத்து ஆட்டங்களைப் போட்டால் படம் கலங்கும், பொத்தானை அழுத்திய பிறகு பொம்மை ஒரு கணம் யோசித்துத்தான் குதிக்கும், துப்பாக்கியால் சுடுகிற ஆட்டம் வேலையே செய்யாது. டியூப் டிவியில் அந்த வம்பில்லை. சுவிட்சைப் போட்டதும் உள்ளே 'டொம்' என்று ஒரு சத்தம், பழைய தூசி சூடாகிற வாசனை, கையைக் கிட்டே கொண்டு போனால் முடி எழுந்து நிற்கும். அந்த முடி எழுந்து நிற்பதற்காகவே அவள் ஒவ்வொன்றையும் தானே துடைத்தாள்.

நான்காவதாக வந்த டிவியில்தான் அவன் இருந்தான்.

பழைய சாமான் எடுக்கிறவர் கொண்டு வந்து இறக்கிய டிவி. மரப்பெட்டி மாதிரி உடம்பு, கீறல் இல்லாத கண்ணாடி. இன்னும் எதையும் இணைக்காமல் சுவிட்சைப் போட்டாள். வெறும் நீலத்திரை வந்தது. அந்த நீலத்தில், நடுவுக்குச் சற்று வலப்பக்கத்தில், விரல் உயரத்துக்கு ஒரு நிழல் நின்றது. ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். நாள் முழுக்க லென்ஸைப் பார்க்கிற கண்ணுக்கு இப்படிப் பூச்சி பறப்பது சகஜம். ஆனால் தலையைத் திருப்பியபோது நிழல் கூடவே வரவில்லை. கண்ணில் இல்லை, கண்ணாடியில்தான் இருந்தது. டிவியை அணைத்து ஜன்னல் திரையை விலக்கினாள். அணைந்த சாம்பல் கண்ணாடியில், வெயில் சாய்வாக விழுந்த இடத்தில், அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"பேய்னா வாடகை குடுக்குமா கேளு" என்றார். சிரித்துவிட்டு இறங்கிப் போனவர், அதன் பிறகு அந்த அறைக்குள் தனியாகப் போகவே இல்லை.

அக்காவுக்குப் பயம் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற டிவிகளில் ஆடும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ கட்டில் ஓரத்தில் நின்று பார்ப்பது போல் இருந்தது. நின்று பார்க்கிறவர்களின் அவஸ்தை அவளுக்குத் தெரியாததா? இரண்டு தடவை திரும்பி, "என்ன?" என்று கேட்டே விட்டாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அந்த டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லென்ஸில் கீறல் தேடுவது போலத் தேடினாள். நிழலில் அவன் மட்டுமில்லை. அவன் காலடியில் மெல்லிய குறுக்குக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஏணி! மேல் ஓரத்தில் எண்கள் போலச் சில கறைகள். உச்சியில் ஒரு சின்னக் கதவு. அந்த ஆட்டம் அவளுக்குத் தெரியும். அண்ணன்கள் ஆடிய ஆட்டம். இடிந்த கோபுரம் ஒன்றில் விளக்கு ஏற்றுகிறவன் மாடி மாடியாக ஏறிப்போவான்; வௌவால்கள் வந்து மோதும். படம் நகராமல் ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால் டியூப் அந்த இடத்தில் வெந்துபோகும் என்று அவள் படித்திருந்தாள். யாரோ அவனை ஏணியில் நிறுத்தி வைத்துவிட்டு, அணைக்காமலே விட்டிருக்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாளில் இப்படி வேகாது.

அந்த ஆட்டத்தின் கேசட்டைத் தேடிப் பிடிக்க அலைந்தாள். கிடைத்ததும் அந்த டிவியிலேயே போட்டு, செத்துச் செத்து ஏறினாள். கதவுள்ள மாடிக்கு வந்து சேர்ந்த அன்று, ஏணியில் கால் வைத்து இரண்டு படி ஏறியதும், வெளிச்சப் பொம்மை நிழலுக்குள் போய்ப் பொருந்தியது. கை கையோடு, கால் காலோடு. நிழல் மறைந்து, ஒருவன் மட்டும் நின்றான். அவளை அறியாமல் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். இசை நின்றது. டிவியின் ரீங்காரம் மட்டும் கேட்டது. அப்படியே எழுந்து மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் பழைய சாமான்காரரைப் பிடித்துக் கேட்டாள்.

"அதுவா? டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆன ஒரு அம்மா குடுத்தது. உடைக்கிறதா இருந்தா தரமாட்டேன்னாங்க. ஒரு அக்கா பழைய டிவியா வாங்கி கேம் விளையாடுறாங்கன்னு உங்களைச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் கை விட்டாங்க" என்றார். வீட்டு அடையாளமும் சொன்னார். நடந்து போகிற தூரம்தான்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். நரைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார். அக்கா தயங்கித் தயங்கி, "நீங்க குடுத்த டிவி எங்கிட்டதாம்மா இருக்கு" என்றதும், உள்ளே வரச் சொன்னார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பார்த்துட்டியா அவனை?" என்று கேட்டார்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"என் பையன். ஒரே பையன். கூட்டாளி வந்து வாசல்ல ஹாரன் அடிச்சான். 'அம்மா, அணைச்சிடாதே, அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்'னு சொல்லிட்டு அவன் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனான். வண்டி மட்டும் ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "காரியமெல்லாம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பின பிறகு பார்த்தா, யாரோ டிவி மேல ஒரு போர்வையைப் போட்டு வச்சிருக்காங்க. போர்வைக்குள்ள வெளிச்சம். எடுத்துப் பார்த்தா, அவன் விட்டுட்டுப் போன மாதிரியே நிக்குது. அணைக்காதேன்னு சொன்னானே. அணைக்கல."

"எவ்வளவு நாள்மா?"

"மழைக்காலம் வர்ற வரைக்கும். பிளக்கைத் தொட்டா கையை உடைப்பேன்னு அவன் அப்பாகிட்ட சொல்லியிருந்தேன். அந்த மனுஷன் பேசாம நாற்காலியை வேற பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டார். அப்புறம் ஒரு நாள் இடி இடிச்சு கரண்ட் போச்சு. திரும்பி வந்தப்ப ஆட்டம் முதல்லேருந்து ஆரம்பிச்சு, அந்தப் பாட்டு 'டடாங் டடாங்'னு சத்தமா வந்துச்சு பாரு... அன்னைக்குத்தான் நான் அழுதேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு வரல."

வெளியே யாரோ வாளியை உருட்டும் சத்தம் கேட்டது. அம்மா அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"இருபத்தஞ்சு வருஷம் மூடியே வச்சிருந்தேன். அவன் தனியா கிடக்கானேன்னு இருந்துச்சு. உன் ரூம்ல நாலு டிவி ஓடும், சத்தம் இருக்கும்னு சொன்னார் அந்த ஆளு. போகட்டும்னு குடுத்தேன்."

அடுத்த ஞாயிறு மத்தியானம் அந்த அம்மாவே வந்தார். அக்காவின் கணவர் படியில் கைபிடித்து ஏற்றிவிட்டு, அறை வாசலோடு நின்றுகொண்டார். அம்மா மற்ற டிவிகளைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

அக்கா ஆடினாள். கை வேர்த்து ஜாய்ஸ்டிக் வழுக்கியது. எப்படியோ அந்த மாடிக்கு வந்து, ஏணியில் ஏற்றி, நிழலுக்குள் அவனைப் பொருத்தி நிறுத்தினாள். அம்மா உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். கையில் முடி எழுந்து நின்றது அக்காவுக்குத் தெரிந்தது.

"இவன் அடுத்தது எங்க போகணும்?"

"மேல அந்தக் கதவுக்குமா. கிட்டதான்."

"எங்கிட்ட குடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கையில் வாங்கிய அம்மா, தலைகீழாகப் பிடித்தார். அக்கா நேராகத் திருப்பிப் பிடிக்க வைத்தாள். எந்தப் பொத்தான் என்று காட்டினாள். அழுத்தியதும் இசை வந்தது. அம்மாவின் கட்டைவிரல் எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. இடப்பக்கத்திலிருந்து வௌவால் வந்தது. மோதியது. அவன் கையை விரித்துக்கொண்டு கீழே விழுந்தான். ஆட்டம் முடிந்து, அந்த 'டடாங் டடாங்' தொடங்கியது.

"அவ்வளவுதானா?" என்றார் அம்மா. சிரிப்பா என்னவென்று தெரியாத ஒரு சத்தம் அவர் தொண்டையில் வந்தது. "இதுக்கா நான் அத்தனை மாசம் காவல் இருந்தேன்? கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள..."

"நான் மறுபடி ஏத்துறேம்மா. கதவுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியிருந்தது.

"வேணாம். அதுக்கு மேல அவன் பார்த்ததில்லை. நாம பார்க்க வேணாம்."

சரி என்றாள் அக்கா. சொன்ன சொல்லை ஒரு மாதம் போலக் காப்பாற்றவும் செய்தாள். பிறகு ஒரு நாள், கடை விடுமுறை, வீட்டில் யாருமில்லை, ஏணியில் ஏறிய கை நிற்கவில்லை. வௌவாலைத் தாண்டி, கதவைத் திறந்து, மேலே போய்விட்டாள். மேலே ஒன்றுமே இல்லை. முதல் மாடியேதான், வேறு நிறத்தில். எல்லாம் திரும்ப ஆரம்பித்தது. அந்த மாடியில் நடுவில் ஏணி கிடையாது. வெறும் வெளியில், பிடிக்க ஒன்றுமில்லாமல், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிழல் நின்றது. அவள் பொம்மையை எங்கே கொண்டு போனாலும் அது நின்ற இடத்தில் நின்றது. அவசரமாகப் பிளக்கைப் பிடுங்கினாள். அணைந்த கண்ணாடியில் அவள் முகத்துக்குக் கீழே அவன் தெரிந்தான்.

அம்மா இப்போதும் சில ஞாயிறுகளில் வருகிறார். துப்பாக்கி ஆட்டத்தில் கொஞ்சம் கை வந்திருக்கிறது. குறி தப்பினால் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அக்காவின் கணவர் வாசலில் நின்றபடியே, "விடாதீங்கம்மா, அடிங்க!" என்று கத்துவார். அந்த டிவியை மட்டும் போடுவதில்லை. கிளம்பும்போது அம்மா அதன் முன்னால் சற்று நிற்பார்.

"மேல போய்ப் பார்க்கலியே நீ?" என்று போன வாரம் கேட்டார்.

"இல்லம்மா."

அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டே, "வௌவால் எந்தப் பக்கத்துலேருந்து வரும்?" என்றார்.

"இடது பக்கம்."

"ம்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார்.