ஷிரீன் அக்காவின் போன் அடித்த நாள்

ஷிரீன் அக்கா போய்விட்டார்... இன்று காலை, ஆஸ்பத்திரியில். அவருடைய மைத்துனி அழுதுகொண்டே எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. சான்ட்விச்சும் சாலட்டும் பெட்டியில் அடைக்கும் பக்டரியில் ஐந்து வருடம் என் பக்கத்தில் நின்றவர். ஈராக்கின் சிஞ்சாரிலிருந்து வந்த யசீதிப் பெண். மொன்ட்ரியாலில் அவர்களைக் கைவிரல்விட்டு எண்ணலாம்.

மத்தியானத்துக்குள் வேலை வட்ஸ்அப் குரூப்பில் ஒரே மெழுகுதிரியும் ரோசாப்பூவும். முதல் மெழுகுதிரி ஏற்றியவர் எங்கள் சுப்பர்வைசர் அண்ணை. "நல்ல மனுசி" என்று வேறு எழுதியிருக்கிறார்.

அண்ணை, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கடைசிவரைக்கும் வாசியுங்கோ.

யசீதிகள் லெட்யூஸ் இலை சாப்பிடமாட்டார்கள். ஷிரீன் அக்கா தொடவும்மாட்டார். சமய வழக்கம். சேர்ந்த முதல் கிழமையே என் கையைப் பிடித்து, அரைகுறை பிரெஞ்சில் இதைச் சொன்னார். அன்றிலிருந்து லெட்யூஸ் என் பக்கம், முட்டை அவர் பக்கம். அதனால் வேலை ஒரு நிமிடமும் பிந்தியதில்லை.

ஆனால் உங்கள் கண்ணில் அது குத்தியது.

"என்ன, இலைக்குள்ளையும் பேய் இருக்காமோ? பேயைக் கும்பிடுற சனம் உதுகள். கவனம் பிள்ளை, பக்கத்திலை நிக்காதை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... அதையும் எழுதத்தான் வேண்டும்.

இதே சொல்லைச் சொல்லித்தான் அங்கே அவர்களைக் கொன்றார்கள். 2014 இல் ஐஎஸ்காரர் ஊருக்குள் வந்து ஆண்களைத் தனியே நிறுத்திச் சுட்டார்கள். அதில் ஷிரீன் அக்காவின் கணவரும் ஒருவர். பெண்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். மகள் பெரிவானுக்கு அப்போது ஒன்பது வயது. தாயின் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். தாய் தப்பி வந்தார். பிள்ளை வரவில்லை.

யசீதிகள் கும்பிடுவது மயில் உருவில் வரும் தேவதூதரை. நீங்கள் ஓட்டும் வான் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முருகன் எதற்கு மேலே இருக்கிறார், அண்ணை?

சித்திரையில் ஒரு புதன்கிழமை அவர்களுக்குப் புதுவருடம். ஷிரீன் அக்கா முட்டைக்குச் சாயம் போட்டு ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து தந்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள்... பிரேக் முடிய நான் குப்பை வாளியைத் திறந்தால், உள்ளே ஏழு முட்டை. உரிக்கக்கூட இல்லை. ஷிரீன் அக்கா என் பின்னால்தான் நின்றார். போய்க் கை கழுவினார்.

சரி, போன் கதை.

லைனில் போன் வைத்திருக்கக்கூடாது. ஷிரீன் அக்கா மட்டும் சொக்ஸுக்குள் வைத்திருப்பார். சிரியாவில் முகாம் முகாமாகப் போய்க் காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் ஒருவரிடம் அந்த நம்பர் இருந்தது. பெரிவானைக் கண்டால் உடனே போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். இது உங்களுக்கும் தெரியும். நானே சொன்னேன்.

ஒரு நாள் என்னை வேறு லைனுக்கு மாற்றிவிட்டு, வேண்டுமென்றே அவரை லெட்யூஸில் நிறுத்தினீர்கள். "நோன்", மாட்டேன் என்றார். அவ்வளவுதான். "சொக்ஸுக்குள்ளை இருக்கிறதை எடு" என்று போனைப் பறித்து, ஒபிஸ் மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டீர்கள்.

பதினொரு மணிபோல் ஷீட்டில் கையெழுத்து வைக்க ஒபிசுக்குள் போனேன். ஒருவரும் இல்லை. லாச்சிக்குள் போன் அடித்தது. விட்டுவிட்டு மூன்று தரம்.

நான் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். ஓடிப்போய் ஷிரீன் அக்காவிடம் சொன்னேன். அவர் உங்களிடம் வந்து கெஞ்சினார்.

"பிரேக்குக்குத் தாறன்."

பிரேக்கில் எடுத்துப் பார்த்தார். தெரியாத நம்பர். திருப்பி அடித்தார்... அந்தப் போன் ஓஃப். மறுநாளும் ஓஃப். இரண்டு வருடம், ஒரு நாள் விடாமல் அடித்தார். யார் எடுத்தது, என்ன சொல்ல எடுத்தது என்று இன்றுவரை தெரியாது.

"தேவையெண்டால் திருப்பி எடுப்பினம்தானே" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு, தேடுகிற ஆட்கள் எல்லோருக்கும் என் நம்பரையும் கொடுத்து வைத்தார். "நீ என் இரண்டாவது நம்பர்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, என் போனை லொக்கரிலேயே வைத்துப் பூட்டினேன். ஒவ்வொரு நாளும். வெட்கமாக இருக்கிறது.

அண்ணை, "நல்ல மனுசி" என்று எழுதினதை அழியுங்கோ.

நாளைக்கு ஏழு மணிக்கு ஷிப்ட். என் போன் என் சொக்ஸுக்குள் இருக்கும். சத்தத்தோடு. வந்து பறிச்சுப் பாருங்கோ.

ஷிரீன் அக்கா... போயிட்டு வாங்கோ. பெரிவான் எடுத்தால் நான் கதைக்கிறன்.