நாற்பத்தொன்றாவது ஆள்

என் எழுதுமேசைக் கண்ணாடிக்கு அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் நீல மையில் நான் எழுதிய எண் 40. அதன் மேல் ஒரு கோடு. கீழே பென்சிலில், குழந்தை எழுதியதுபோல் கோணலாக, 41. திருத்தியவர் சாரங் அண்ணன். படகை நடத்துகிறவரை எங்கள் தீவுகளில் சாரங் என்றுதான் சொல்வோம். நான் வேலை பார்த்த சுற்றுலாப் படகு நிறுவனத்தை மூடிய நாளில் கோப்புகளையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டார்கள். இந்த ஒரு சீட்டை மட்டும் ஏனோ கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

போர்ட் பிளேர் படகுத்துறையில் பன்னிரண்டு வருடங்கள் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மணி நேரத் தொலைவில் ஆள் குடியில்லாத சின்னத் தீவு ஒன்று. கரையில் மணல், பின்னால் காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் பழைய கலங்கரை விளக்கம். அங்கே போகும் எங்கள் படகில் நாற்பது பேர் உட்காரலாம். காலையில் எத்தனை பேர் போகிறார்கள் என்று சீட்டில் எழுதி சாரங் அண்ணனிடம் கொடுப்பேன். திரும்பும்போது அதை வைத்து அவர் தலை எண்ண வேண்டும். சீசன் நாட்களில் நானும் கூடப் போவேன். திரும்பும்போது அவர் என்ஜின் சத்தத்தையும் மீறி, ஒவ்வொரு தலைக்கு மேலும் விரலை நீட்டி, ஏக், தோ, தீன் என்று எண்ணுவார். சாலீஸ் வந்ததும், அதாவது நாற்பது முடிந்ததும், காட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். "இக்தாலீஸ்" என்பார். நாற்பத்தொன்று. பிறகு ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்துவிட்டு, ஒரு பீடி பிடிக்கும் நேரம், பீடி இல்லாமல், சும்மா நிற்பார். பயணிகள் சிரிப்பார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பவே மாட்டார்.

முதல் வருடத்தில் நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒன்று இரண்டு ஒழுங்காகச் சொல்லித் தரவில்லையா அண்ணே என்று கேட்டேன். ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது. பிறந்தது வளர்ந்தது போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில். தமிழும் ஹிந்தியும் ஒரே மூச்சில் வரும்.

"ஏக் ஆத்மி பாக்கி இருக்கு தங்கச்சி. கொஞ்சம் பொறு," என்றார்.

பாக்கி இருக்கும் அந்த ஒரு ஆள் யார் என்பதை வேறொரு நாள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார். நான் வேலைக்கு வருவதற்கு முன்னால், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி அவர் படகை எடுத்துவிட்டார். மெயின்லேண்டிலிருந்து தனியாக வந்த ஒருவர் கலங்கரை விளக்கம் பார்க்கப் போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை முதல் படகு போனபோது, ஜெட்டி என்று நாங்கள் சொல்லும் இறங்குதுறை மேடையின் விளிம்பில் ஒரு ஜோடி செருப்பும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. கோயில் வாசலில் விடுவதுபோல் செருப்பைச் சேர்த்து, கடலைப் பார்க்க வைத்திருந்தது. ஆள் இல்லை. எட்டு நாள் தேடினார்கள். "ஒருத்தனை எண்ணாம விட்டேன். அதுக்கப்புறம்தான் தங்கச்சி சரியா எண்ணுறேன்," என்றார் சாரங் அண்ணன்.

நிறுவனம் மூடியபோது என் மகள் திருச்சியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவளை அங்கே என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். அவள் படிப்புக்காகவே நான் வீட்டிலிருந்து எழுத ஆரம்பித்தேன். இணையதளங்களுக்கு எதை வேண்டுமானாலும் எழுதினேன்: முடி உதிர்வதற்கு, உடம்பு இளைப்பதற்கு, நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு. நான்கு பக்கங்களைப் பார்த்து ஐந்தாவதாக ஒன்று செய்யும் வேலை. வந்ததில் கரண்ட் பில்கூடக் கட்ட முடியவில்லை. சென்னையில் பயணத் தளம் ஒன்றை நடத்தும் ஆசிரியை என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டு போனில் பேசினார். "இதை யார் வேணாலும் எழுதியிருக்கலாம் மேடம். நீங்கதான் எழுதினீங்கன்னு எதுல தெரியும்?"

எனக்கு மட்டும் தெரிந்தது என்று என்ன இருக்கிறது? இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சோறு வடிக்கும்போது என் டிக்கெட் ஜன்னல் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த ஓட்டை வழியாக மனிதர்கள் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு திக்லிபூருக்குப் பஸ்ஸில் போகலாமா, கப்பலில் போகலாமா? முழங்கால் வலி உள்ள அம்மா படகில் எப்படி ஏறுவார்? கடல் சரியில்லை என்று படகை நிறுத்திவிட்டால் அன்றைக்கு என்ன செய்வது? அடுப்பை அணைத்துவிட்டு, நினைவுக்கு வந்த கேள்விகளை நோட்டில் எழுதினேன். எழுபதைத் தாண்டியது. அவை ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை ஆயிற்று. ஆசிரியை கேட்டு வாங்கினார். ரிசார்ட் ஒன்று தங்கள் விருந்தினர்களுக்காக எழுதச் சொன்னது. மகளின் கல்லூரிப் படிப்பு அந்த ஜன்னலால்தான் ஓடியது. அதிகம் பேர் படித்தது அந்தச் சின்னத் தீவைப் பற்றிய கட்டுரை. ஜெட்டியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நாற்பது நிமிட நடை, கடைசிப் படகு நாலரைக்கு என்று வழியை அடி அடியாக எழுதியிருந்தேன். அது வெளிவந்த மாதத்தில்தான் சாரங் அண்ணன் நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

போன டிசம்பரில் மகள் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். திருச்சிக்குப் போன பிறகு மகள் மே மாத விடுமுறைக்கு மட்டுமே ஊருக்கு வந்து பழகியவள். இருவரும் அந்தத் தீவுக்குக் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன். "நீ எதுக்கும்மா? உன் கட்டுரை வருதே," என்று போனைக் காட்டிச் சிரித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அங்கே போவது வேறொரு நிறுவனத்தின் படகு. ஐந்தரைக்கு வர வேண்டியது, ஐந்தே முக்காலுக்கும் வரவில்லை. துறையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடல் எது வானம் எது என்று தெரியவில்லை. அந்தத் தீவில் போன் சிக்னல் கிடையாது. வேறு செய்ய ஒன்றுமில்லாமல் என் கட்டுரையை எடுத்து முதலிலிருந்து படித்தேன். மெயின்லேண்டிலிருந்து வரும் ஒரு பெண்ணாக நினைத்துக்கொண்டு படித்தேன். அப்போதுதான் பார்த்தேன். தொப்பி இருந்தது, தண்ணீர் இருந்தது, செருப்பு வேண்டாம் ஷூ போடுங்கள் என்று இருந்தது. இருட்டு இல்லை. டிசம்பரில் ஐந்து மணிக்கு இங்கே சூரியன் கிடையாது. காட்டுக்குள் நாலு மணிக்கே எதிரில் இருப்பது மரமா ஆளா என்று தெரியாது. இந்தத் தீவுகளில் பிறந்த எனக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஜன்னலில் யாரும் அதைக் கேட்டதும் இல்லை. தெரியாததை யார் கேட்பார்கள்? ஜெட்டி விளிம்பில் கடலைப் பார்த்து இரண்டு ஜோடி செருப்புகள் இருப்பதுபோல் ஒரு காட்சி மனதுக்குள் வந்தது. எவ்வளவு தலையை உதறியும் அது போகவில்லை.

ஆறேகாலுக்குப் படகு வந்தது. மகள் இறங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கைகள் சில்லென்று இருந்தன. வீட்டுக்கு வந்து, தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். கலங்கரை விளக்கத்திலிருந்து நாலு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டார்களாம். பாதி வழியில் பாதை தெரியவில்லை. போன் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் பாதை மாதிரியே இருந்தது. ஒரு கிளை வழியில் போய், காலடியில் அலையாத்தி வேர்களும் தண்ணீரும் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஹாரன் கேட்டது, ஆனால் காடு முழுக்க எதிரொலித்ததில் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை.

"அப்புறம் யாரோ எண்ண ஆரம்பிச்சாங்கம்மா. ஹிந்தியில, சத்தமா. அது கேட்ட பக்கமா நடந்தோம்."

தோழிக்கு ஹிந்தி தெரியாது. "ஏலம் விடுற மாதிரி இருந்துச்சு ஆன்ட்டி," என்றாள்.

மகள் ஐந்தாம் வகுப்பு வரை இங்கே ஹிந்தி படித்தவள். "இக்தாலீஸ்ல நின்னுச்சு. அதுக்கு மேல எண்ணல. மரம் விலகி எதிரில ஜெட்டி இருந்துச்சு. ஆனா எங்களையும் சேர்த்துப் படகுல நாற்பது பேர்தாம்மா," என்றாள்.

சாரங் அண்ணனைப் பற்றி அவளிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. சின்ன வயதிலேயே அவள் திருச்சிக்குப் போய்விட்டாள். ஒரு படகுக்காரர் எப்படித் தலை எண்ணுவார் என்று போனில் யார் சொல்வார்கள்? மறுநாள் துறைக்குப் போய் அந்தப் படகின் சாரங்கைத் தேடிப் பிடித்து நன்றி சொன்னேன். தெலுங்குக்காரர், சின்ன வயது. டிக்கெட்டை மெஷினில் காட்டினால் எண்ணிக்கை தானாக வந்துவிடும் என்றார். இரண்டு குறைந்தது, ஹாரன் அடித்தாராம், காத்திருந்தாராம். வாயால் எண்ணினீர்களா என்று கேட்டேன். எதற்கு என்று திருப்பிக் கேட்டார்.

அன்றே ஆசிரியைக்கு போன் செய்தேன். கட்டுரையின் முதல் வரியிலேயே இருட்டு வர வேண்டும் என்றேன். சீசன் நேரத்தில் இப்படிப் பயமுறுத்தினால் யார் வருவார்கள் என்றார் அவர். சேர்க்க முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. ரிசார்ட் அதற்குப் பிறகு என்னை அழைக்கவில்லை. ஆசிரியை மூன்றாம் நாள் அந்த வரியைச் சேர்த்தார். இப்போது வேறு தளங்களும், இந்த ஊரைப் பற்றி யாரும் சொல்லாமல் விடுவதை எழுதுங்கள் என்றே கேட்கின்றன. முன்பைவிட வேலை அதிகம். அதை நினைத்து என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஒவ்வொரு கட்டுரையையும் முடித்த பிறகு, எதையெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பத்திலிருந்து எண்ணுகிறேன். கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் கல்லூரிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், சார்ஜரைத் தேடி என் மேசைக்கு வந்தாள். தோழி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கண்ணாடிக்கு அடியில் இருந்த ரோஸ் சீட்டைப் பார்த்தாள். பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது யாரும்மா எழுதினது?"

"சாரங் அண்ணன். எங்க படகை ஓட்டினவர். இறந்துட்டார். கடைசிப் படகுல ஆள் எண்ணுவார்."

"சத்தமாவா?"

"ஆமாம்," என்றேன்.

அவள் சீட்டிலிருந்து விரலை எடுத்தாள். போய் விளக்கைப் போட்டாள். மணி நாலரை.