கையக்கா திருத்திய கடிதம்

அலுவலகத்தில் அந்தத் தம்பதிக்குப் பெயரே ‘வாயும் கையும்’தான். புருஷன் வாய், பெண்டாட்டி கை, எல்லாருக்கும் ‘கையக்கா’. கம்பெனிகளின் ஆங்கில அறிக்கைகளை அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கிற இடம் அது. எதிரெதிராக இரண்டு நாற்காலி, நடுவே ஒரு மேசை. அவர் மூலப்பிரதியைச் சத்தமாகப் படிப்பார். சொற்களை மட்டுமா, புள்ளிகளையும் சேர்த்துத்தான். “த டாக்டர் கமா ஹூ வாஸ் லேட் கமா சைன்ட் த ரிப்போர்ட் ஸ்டாப்.” அரைப்புள்ளிக்குச் ‘செமி’, முக்காற்புள்ளிக்குக் ‘கோலன்’. அவள் அச்சுப்பிரதியில் விரலை ஓட்டி, விட்டுப்போன இடத்தில் சிவப்புப் பென்சிலால் குறிப்பாள். இப்படியே இருபத்திரண்டு வருஷம். வீட்டில் பேசியதைவிட அந்த மேசையில் பேசியதுதான் அதிகம், அதிலும் பாதி கமா.

அவர் படிக்க ஆரம்பித்தால் ரயில்தான். பக்கத்துக்கு நாலு தடவையாவது இவள், “மெதுவா!” என்பாள்.

“எழுதினவனே அவசரத்துல எழுதியிருக்கான், என்னை ஏன் பிடிக்கிறே?” என்பார் அவர்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வந்தவர்களெல்லாம் அழுதார்கள். கையக்கா, யாருக்கு நாற்காலி இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எதிர் நாற்காலியில் புதிதாக ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். அந்தப் பெண் நிறுத்தி நிதானமாகப் படித்தாள், இவள் குறித்தாள், மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள், சாயங்காலம் பஸ் ஏறினாள். துக்கமா என்று கேட்டால் என்னத்தைச் சொல்வாள் பாவம்! பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி கிடந்தது மனசு. தொட்டால் தெரியும், வலிக்காது.

ஒரே மகள், அப்பா செல்லம். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தவள், ஒரு புதன்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் மூன்று பக்கக் கடிதத்தை வைத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். கடிதம் ஆங்கிலத்தில். சண்டை போடவும் மன்னிப்புக் கேட்கவும் அவளுக்கு ஆங்கிலம்தான் வரும். பெற்றவர்கள் ஆசை ஆசையாய்த் தேடிக்கொண்ட வினை, வேறென்ன! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன், அன்றைக்காவது நீ மனசு விட்டு நாலு வார்த்தை பேசினால் இருப்பேன், இல்லாவிட்டால் பெட்டியோடு போய்விடுவேன், பிறகு வரமாட்டேன் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள்.

கையக்கா உட்கார்ந்து படித்தாள். அப்போதுதான் அந்த மகராசி ஒரு காரியம் செய்தாள். கை தன்பாட்டுக்குப் பையைத் துழாவிச் சிவப்புப் பென்சிலை எடுத்தது. இரண்டு முழு வாக்கியங்களை மகள் வெறும் கமாவால் ஒட்டவைத்திருந்தாள், அங்கே செமி போட்டாள். ‘நீ செய்யாதவை மூன்று’ என்று எழுதிவிட்டு, கோலன் வைக்காமலே மகள் அடுக்கிக்கொண்டு போயிருந்தாள்: நீ அழவில்லை, அப்பா சட்டைகளை இன்னும் தொடவில்லை, என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. கையக்கா கோலன் வைத்தாள். அப்புறம் கடிதத்தை மேசைமேலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கடிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

“என்னம்மா இது?”

“உன் லெட்டர்.”

“அழுதுக்கிட்டே எழுதினேம்மா இதை. நீ உக்காந்து கமா போட்டிருக்கே!”

கையக்காவுக்குத் தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது, அவ்வளவுதான். மகள் விறுவிறுவென்று உள்ளே போய்ப் பெட்டியை நிரப்பி இழுத்துக்கொண்டு வந்தாள். வாசல் வரைக்கும் போனவள், ஆத்திரம் தாளாமல் திரும்பி வந்து கடிதத்தை எடுத்தாள்.

“இரு, உனக்குப் பிடிச்ச மாதிரியே படிச்சுட்டுப் போறேன்,” என்று அப்பாவைப் போலவே ஆரம்பித்தாள். “அம்மா கமா ஐ கான்ட் லிவ் லைக் திஸ் செமி…”

ஒரு பக்கம் போயிற்று. இரண்டாம் பக்கத்தின் நடுவில் குரல் தடுக்கியது. ‘அப்பா செத்துப்போனார்’ என்று எழுதியிருந்த வரி அது. அந்த வரியிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு சிவப்புக் குறி கிடையாது. தப்போ கொட்டிக் கிடந்தது.

“இதுக்குக் கீழ ஏன் ஒண்ணும் போடலை? இங்கல்லாம் கமா வேணுமே?”

“வேணும்.”

“நீ விடமாட்டியே. பாக்கலையா?”

“உங்கப்பா படிக்கலை,” என்றாள் கையக்கா.

மகள் பெட்டியை விட்டாள். “என்னம்மா சொல்றே?”

“எதைப் பாத்தாலும் அவர் குரல்லதாண்டி எனக்குக் காதுல விழும். ஆபீஸ்ல அந்தப் பொண்ணு படிக்கும், எனக்கு அவர் படிக்கிறதுதான் கேக்கும். பின்ன ஆறாம் நாளே எதுக்கு ஓடினேன்னு நெனச்சே? உன் லெட்டரையும் அவர்தான் படிச்சாரு. அந்த வரி வந்துச்சு, நிறுத்திட்டாரு. அதைப் போய் அவர் எப்படிப் படிப்பாரு?” பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். “அதுக்கப்புறம் ஆபீஸ்லயும் கேக்கலை. மூணு நாளா அந்தப் பொண்ணு குரல்தான் கேக்குது.”

மகள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்த வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள், எழுதும்போது விட்ட கமா, செமி, கோலனையும் சேர்த்து. கையக்காவின் கை தன்பாட்டுக்குப் பென்சிலை எடுத்தது. அழுகை முட்ட முட்ட வேகம் கூடியது, அப்பனைப் போலவே.

“மெதுவா!” என்றாள் கையக்கா.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்தச் சொல்லை மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லை என்று. பென்சிலை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள்.